நரகத்துக்கு அனுப்பியவர்களின் கணக்கு

தொட்டிலும் தீர்ப்பும் – பகுதி 12

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1930 ஆகஸ்டில் லண்டன் லாம்பெத் மாளிகையில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள், கருத்தடை விஷயத்தில் அதுவரை சாத்தியிருந்த கதவை ஒரு விரற்கடை திறந்தார்கள். ஆதரவு 193, எதிர்ப்பு 67. அதே ஆண்டின் கடைசி நாளில் போப் பதினோராம் பயஸ் 'காஸ்தி கொன்னூபி' என்ற சுற்றுமடலில் கையெழுத்திட்டு, கத்தோலிக்கத் தரப்புக் கதவை அறைந்து சாத்தினார்.

1951இல் பன்னிரண்டாம் பயஸ், இத்தாலிய மருத்துவச்சிகளிடம் பேசும்போது ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டார். தக்க காரணம் இருந்தால், கரு தரிக்காத நாட்களாகப் பார்த்துக் கூடுவதில் பாவமில்லை என்றார். 1960இல் அமெரிக்கா கருத்தடை மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. அந்த மாத்திரையை உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் ஜான் ராக், தினமும் திருப்பலிக்குப் போகும் கத்தோலிக்கர். மாத்திரை செய்வதெல்லாம் அந்த 'நல்ல நாட்களை' நீட்டிக்கொடுப்பதுதானே என்று அவர் கேட்டார்.

ரோமில் யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. 1963இல் போப் இருபத்து மூன்றாம் யோவான் ஆறு பேர் கொண்ட ஒரு சிறு குழுவை அமைத்தார். குழு கூடுவதற்குள் அவர் இறந்துபோனார்.

அந்த ஆறு பேர் எழுபத்திரண்டு பேரான கதை இந்த வாரம்.

* * *

ரோம் நகரின் ஸ்பானியக் கல்லூரி, குருமாணவர்கள் தங்கிப் படிப்பதற்கான இடம். கணவனும் மனைவியும் சேர்ந்து தங்க அங்கே வழியில்லை.

1965 மார்ச்சில் சிகாகோவிலிருந்து ஒரு தம்பதி அங்கே வந்து சேர்ந்தார்கள். கணவர் பேட்ரிக் குரோலி, வழக்கறிஞர். மனைவி பேட்ரிஷியா. எல்லோரும் அவரைக் கூப்பிட்டது 'பாட்டி' என்றுதான். நம்மூர்ப் பாட்டி இல்லை, ஐம்பதைத் தாண்டியவர், அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து கட்டி எழுப்பிய கிறிஸ்தவக் குடும்ப இயக்கத்துக்கு அப்போது பல நாடுகளில் கிளைகள் இருந்தன.

பெட்டியை இறக்கி வைத்ததும் ஏற்பாட்டைச் சொன்னார்கள். கணவருக்குக் கல்லூரியில் அறை. மனைவிக்கு ஒரு மைல் தள்ளி, கன்னியர் மடத்தில்.

திருமண வாழ்வின் அறநெறியைப் பேசக் கண்டம் விட்டுக் கண்டம் தம்பதியரை வரவழைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அவர்களைப் பிரித்து அனுப்பினார்கள். யாரும் வேண்டுமென்றே செய்ததில்லை. அப்படியொரு தேவை வரும் என்று அந்தக் கட்டடத்துக்கே தெரிந்திருக்கவில்லை.

குரோலி தம்பதியின் பெட்டியில் துணிமணியோடு கடிதக் கட்டு ஒன்றும் இருந்தது.

* * *

புறப்படுவதற்கு முன்பு, தங்கள் இயக்கத்துக் குடும்பங்களிடம் அவர்கள் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டிருந்தார்கள். சபை அனுமதித்த அந்த 'நாள் பார்க்கும்' முறை உங்கள் வீட்டில் எப்படி இருக்கிறது?

பதில் எழுதியவர்கள் சபையோடு சண்டைபிடித்து விலகியவர்கள் இல்லை. ஞாயிறு தவறாதவர்கள், ஆறு ஏழு பிள்ளை பெற்றவர்கள், பங்குச் சாமியாருக்குப் பக்கபலமாக நின்றவர்கள்.

அந்த முறையின் நடைமுறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால்தான் கடிதங்களின் சூடு புரியும். காலையில் கண் விழித்ததும், படுக்கையைவிட்டு எழுவதற்கு முன், மனைவி வெப்பமானியை வாயில் வைக்க வேண்டும். கருமுட்டை வெளியேறிய பிறகு உடல் சூடு கொஞ்சம் ஏறும். அரை டிகிரி கூட இருக்காது. கட்டம் போட்ட தாளில் அதை ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். கைக்குழந்தை ராத்திரியெல்லாம் அழுது தூக்கம் கெட்டிருந்தால் புள்ளி பொய் சொல்லும். சளிக்காய்ச்சல் வந்தாலும் பொய் சொல்லும். பால் கொடுக்கும் மாதங்களில் தாளே உதவாது.

நம்மூரில் நல்ல நாள் பார்க்கச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கம், அவர்கள் வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

தாளில் பிழை என்றால் அடுத்த பிள்ளை. அந்தப் பயத்தில் வாரக்கணக்கில் விலகிப் படுப்பது, விலகியதால் மனத்தாங்கல், மனத்தாங்கலைச் சொல்லவும் முடியாத குற்ற உணர்ச்சி. கடிதத்துக்குக் கடிதம் இதே பாட்டுத்தான். கல்லூரியில் பத்திரமாக உட்கார்ந்து படிக்கும் இறையியல் பாடநூல் எதிலும் இந்த வெப்பமானி கிடையாது.

அடுத்த ஆண்டு, நோட்ர டாம் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டொனால்ட் பாரெட்டின் உதவியோடு, குரோலி தம்பதி இன்னும் பெரிய விசாரிப்பு ஒன்றை நடத்தினார்கள். 18 நாடுகள், சுமார் 3,000 தம்பதியர். ரோமுக்கு மீண்டும் வந்தபோது கட்டு பருத்திருந்தது.

* * *

குழு பருத்த கதையை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடலாம்.

முதல் ஆறு பேரில் ஒருவர் சுவிட்சர்லாந்து தொமினிக்கன் துறவி ஆன்றி த ரீட்மாட்டன். செயலாளர், காரியக்காரர். இன்னொருவர் லண்டன் நரம்பியல் மருத்துவர் ஜான் மார்ஷல். மேலே சொன்ன வெப்பமானி முறையை இங்கிலாந்தில் பரப்பியவரே இவர்தான். இவர்கள் 1963 அக்டோபரில் பெல்ஜியத்தில் லூவேன் நகரில் முதன்முறை கூடினார்கள். மக்கள் தொகை பற்றிப் பன்னாட்டு மேடைகளில் வத்திக்கான் என்ன பேசுவது என்று குறிப்பு எழுதிக் கொடுப்பதுதான் வேலை.

புதிய போப் ஆறாம் பவுல் எதையும் அவசரமாக முடிவு செய்யாதவர். யோசிக்க யோசிக்க ஆட்களைச் சேர்த்தார். ஆறு பதின்மூன்றாகி, பதினைந்தாகி, 1965 மார்ச்சில் 58 ஆனது. மருத்துவர், மக்கள்தொகை அறிஞர், பொருளியலாளர், இறையியலாளர், மூன்று தம்பதியர். 58 பேரில் பெண்கள் 5.

பிள்ளை பெறுவதைப் பற்றிய சபையின் சட்டத்தை ஆராய, பிள்ளை பெறக்கூடியவர்களை உறுப்பினராகச் சபை கூப்பிட்டு உட்கார வைத்தது அதுதான் முதல் தடவை. ஐந்து பேர்தான் என்றாலும்.

* * *

1966 ஏப்ரல். ஸ்பானியக் கல்லூரியில் கடைசிச் சுற்று தொடங்கியது. இந்த முறை ஒரு வாரம், இரண்டு வாரம் இல்லை. இரண்டு மாதத்துக்கும் மேல்.

முதலில் இறையியலாளர்கள் உட்கார்ந்தார்கள். பத்தொன்பது பேர்.

அவர்களில் ஜெர்மானிய இயேசு சபைத் துறவி ஜோசப் ஃபுக்ஸின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. ரோம் கிரகோரியன் பல்கலைக்கழகத்தில் அறநெறி இறையியல் பேராசிரியர். உலகெங்குமுள்ள குருமாணவர்கள் அவருடைய லத்தீன் பாடநூலைப் படித்துத்தான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காரத் தயாரானார்கள். சபையின் போதனைக்குத் தூணாக நிற்பார் என்று நம்பித்தான் அவரைக் குழுவில் போட்டார்கள்.

கூட்டங்களில் உட்கார்ந்து கேட்கக் கேட்க அவருக்குள் ஏதோ ஆட்டம் கண்டது. தன் பாடநூலை மறுபடி அச்சிட வேண்டாம் என்று நிறுத்தினார். நம்பாததைக் கற்பிக்க முடியாது என்று அந்தப் பாடத்தை நடத்துவதையும் விட்டார். வாழ்நாள் உழைப்பைத் தானே கடையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும் பேராசிரியர்களை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜான் நூனன் வேறொரு கோணத்திலிருந்து வந்தார். கருத்தடை பற்றிய சபைப் போதனையின் முழு வரலாற்றை அவர் அப்போதுதான் எழுதி முடித்திருந்தார். அதற்கு முன் அவர் எழுதிய நூல் வட்டியைப் பற்றியது. கடனுக்கு வட்டி வாங்குவது பாவம் என்று நூற்றாண்டுக் கணக்கில் சபை கற்பித்தது. பிறகு, காசு புழங்கும் விதம் மாறியபோது, அந்தப் போதனையும் ஓசையில்லாமல் மாறியது. இன்று வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் எந்தக் கத்தோலிக்கரும் அதற்காகப் பாவசங்கீர்த்தனம் செய்வதில்லை. வட்டியில் மாறியது கட்டிலில் மாறக் கூடாதா?

எதிர்த்தரப்பில் நான்கு பேர். அமெரிக்க இயேசு சபைத் துறவி ஜான் ஃபோர்ட், ஸ்பெயின்காரர் மார்செலினோ சல்பா, டச்சுக்காரர் யான் விஸ்ஸர், முதல் ஆறு பேரில் ஒருவராக இருந்த ஸ்தானிஸ்லாஸ் த லெஸ்தாப்பி.

இவர்களைப் பழமைவாதிகள் என்று ஒரே சொல்லில் ஓரம் கட்டுவது எளிது. ஆனால் இந்த ஜான் ஃபோர்ட்தான் 1944இல், போர் உச்சத்தில் இருந்தபோது, நகரங்களின் மேல் குண்டு மழை பொழிந்து குடிமக்களைக் கொல்வது அறமாகாது என்று தன் நாட்டு அரசின் முகத்துக்கு நேரே கட்டுரை எழுதியவர். உயிர் விஷயத்தில் ஊரோடு ஒத்துப்போகும் ஆள் இல்லை. சரியோ தவறோ, அதே பிடிவாதத்தைத்தான் இங்கும் கொண்டுவந்தார்.

கேள்வி அவர்கள் முன் வைக்கப்பட்டது. இயற்கை அறநெறியை மட்டும் வைத்து, வேதத்தையோ முந்தைய போப்பின் சொல்லையோ துணைக்கு அழைக்காமல், கருத்தடை தன்னளவிலேயே தீயது என்று நிறுவ முடியுமா?

முடியாது என்று அந்த நான்கு பேரும் ஒப்புக்கொண்டார்கள்.

வாக்கெடுப்பில் 15 பேர் ஒரு பக்கம், 4 பேர் மறு பக்கம்.

* * *

நியாயத்தால் நிறுவ முடியாது என்று ஒப்புக்கொண்ட பிறகும் அந்த நான்கு பேர் ஏன் இறங்கி வரவில்லை? அந்தக் கூடத்தில் நடந்த ஒரு சிறு பேச்சில் விடை இருக்கிறது. பாட்டி குரோலி பின்னாளில் நினைவுகூர்ந்து சொன்னது இது.

விவாதம் சூடாக இருந்த ஒரு வேளையில் சல்பா எழுந்தார். ஸ்பெயின் இயேசு சபைத் துறவி. அவருடைய கேள்வி ஏறக்குறைய இப்படி இருந்தது: இந்த விதிகள் செல்லாதவை என்று இப்போது சொன்னால், இவற்றை மீறினார்கள் என்று இதுவரை நாம் நரகத்துக்கு அனுப்பிய லட்சக்கணக்கானோரின் கதி என்ன?

பாட்டி திரும்பிப் பார்த்தார். நீங்கள் போட்ட உத்தரவுகளை எல்லாம் கடவுள் நிறைவேற்றிவிட்டார் என்றே நம்புகிறீர்களா, ஃபாதர்?

நம்மூர்க் கோயிலில் 'சாமி' என்று கூப்பிட்டுக் கைகட்டி நிற்கும் பெண்மணி ஒருவர் இப்படிக் கேட்பதை எண்ணிப் பாருங்கள். அதுவும் 1960களில், அதுவும் ரோமில்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் பாட்டியின் பதிலடியில் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு சல்பாவின் கேள்விதான் பெரிதாகப் படுகிறது. அந்த ஆண்டு முழுக்க அந்தக் கூடத்தில் எழுந்த கேள்விகளிலேயே ஒளிவுமறைவு இல்லாத கேள்வி அதுதான். மாத்திரையைப் பற்றி அவர் பேசவில்லை. கருமுட்டை, உடல் சூடு, மக்கள் தொகை எதைப் பற்றியும் பேசவில்லை. 'நாங்கள் தவறாகச் சொல்லிவிட்டோம்' என்று சபையால் சொல்ல முடியுமா? சொல்லிவிட்டால் நாளைக்கு எவன் நம்புவான்? அவருடைய கவலை இதுதான்.

நான்கு பேரும் எழுதிக் கொடுத்த அறிக்கையிலும் இதே நாடிதான் துடிக்கிறது. போதனையை இப்போது மாற்றினால், 1930இல் தூய ஆவி பயஸ் பக்கம் இல்லை, லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் ஆயர்கள் பக்கம்தான் இருந்தார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் வாதத்தின் மையம்.

படுக்கையறை வழக்கு என்று தொடங்கியது, அதிகார வழக்காகிவிட்டது. என்னைக் கேட்டால், அது தொடக்கத்திலிருந்தே அதிகார வழக்குத்தான்.

* * *

இறையியலாளர்கள் முடித்த பிறகு தம்பதியர் பேசினார்கள்.

கனடாவிலிருந்து வந்த கொலெத் பொத்வேன், கணவரான மருத்துவருடன் குழுவில் இருந்தவர். துறவிகள் நிறைந்த அந்த அவையில், கணவன் மனைவி கூடல் என்றால் என்ன, அது வீட்டுக்கு என்ன செய்கிறது என்று அவர் நேரடியாகவே விளக்கினார். பெண்ணைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவளைக் குறையுள்ள ஆணாகவும் பாவத்துக்கு வாசலாகவும் பார்ப்பதை முதலில் விடுங்கள் என்றார். ஒவ்வொரு கூடலின் உடற்கூறும் பழுதின்றி இருக்கிறதா என்பதைவிட, அந்த அன்பு தம்பதிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன செய்கிறது என்பதே முக்கியம் என்று வாதிட்டார்.

பிறகு குரோலி தம்பதியின் கடிதக் கட்டு. மூவாயிரம் வீடுகளின் கட்டில் ரகசியம், வேறு யாருக்கும் சொல்லாதது, அங்கே மேசை மேல் இருந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மறைப்புக்கு அப்பாலிருந்து காதில் மட்டும் கேட்டதை, அந்தக் குருக்கள் அன்று முகத்துக்கு முகம் கேட்டார்கள்.

வெப்பமானி முறையைப் பரப்பிய ஜான் மார்ஷலே மாற்றத்தின் பக்கம் வந்து சேர்ந்தார்.

* * *

இந்த இடத்தில் நம்மூர் வாசகருக்கு ஒரு கேள்வி எழும். மாத்திரை சரி, ஆபரேஷன்?

ரோமில் இந்த விவாதம் நடந்துகொண்டிருந்தபோது இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாட்டின் முதல் ஆயுதம் மாத்திரை இல்லை. கருப்பையில் வைக்கும் லூப் வந்துவிட்டது. அதற்கும் முன்பிருந்தே வாசக்டமி இருந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டு, விந்து வரும் குழாயை வெட்டிக் கட்டுகிற சின்ன அறுவை. அரை மணிக்குள் முடியும். 1950களின் முடிவுக்குள்ளேயே நம் சென்னை மாநிலம் அதைச் செய்துகொள்வோருக்கு ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கியிருந்தது. அரசு ஆஸ்பத்திரி வா என்றது, கோயில் கூடாது என்றது. நடுவில் நின்றது கத்தோலிக்கக் குடும்பம்.

சபையின் வாதம் இது: உடம்புக்கு மனிதன் காவலாளி, சொந்தக்காரன் இல்லை. அழுகிய காலை வெட்டலாம், ஏனென்றால் அது முழு உடம்பையும் காப்பாற்றுகிறது. நன்றாக வேலை செய்யும் உறுப்பை, வேலை செய்கிறது என்பதற்காகவே முடக்குவதற்கு அவனுக்கு உரிமையில்லை. 1930 சுற்றுமடல் இதைச் சொன்னது. மலட்டுத்தன்மையை நேரடி நோக்கமாகக் கொண்ட எந்த அறுவையும் தகாது என்று 1940இல் வத்திக்கானின் விசுவாசக் காப்பு அலுவலகம் மறுபடி உறுதி செய்தது. அந்த ஆண்டுகளில் ஹிட்லரின் ஜெர்மனி, 1933இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ், 'தகுதியற்றவர்' என்று முத்திரை குத்தியவர்களை வலுக்கட்டாயமாக அறுவைக்கு உட்படுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பின்னணியை மறந்துவிட்டு சபையின் தடையை வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிடக் கூடாது.

மாற்றம் கேட்ட பெரும்பான்மை அறிக்கை கூட, கத்தி விஷயத்தில் கதவைத் திறக்கவில்லை. மீட்க முடியாத, கடுமையான தலையீடு என்பதால் நிரந்தரக் கருத்தடை அறுவையைப் பொதுவாகத் தவிர்க்க வேண்டும் என்றே அதில் எழுதினார்கள். ரோமில் புரட்சிக்காரர் என்று பெயரெடுத்த இறையியலாளர், சென்னை வந்திருந்தால் நம் ஆஸ்பத்திரி வாசலில் தயங்கித்தான் நின்றிருப்பார்.

* * *

ஜூன் பிறந்தது. ஆயர்கள் வந்தார்கள்.

இதற்குள் ரோம் ஓசையில்லாமல் ஒரு காரியம் செய்திருந்தது. குழுவின் 'உறுப்பினர்' என்ற தகுதி இனி புதிதாக நியமித்த பதினாறு கர்தினால்களுக்கும் ஆயர்களுக்கும் மட்டுமே. மூன்றாண்டாக உழைத்த மற்றவர்கள் அனைவரும் 'நிபுணர்கள்'. கருத்துச் சொல்லலாம், வாக்குக் கிடையாது. 72 பேர் கொண்ட குழுவில் முடிவு பதினாறு பேர் கையில்.

தலைவர், கர்தினால் ஆல்பிரடோ ஒட்டாவியானி. ரோமில் ஏழை ரொட்டிக்கடைத் தொழிலாளியின் மகன், பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவது. 'என்றும் அதுவே' என்பது அவர் தன் சின்னத்தில் பொறித்துக்கொண்ட வாசகம். 1964 அக்டோபரில், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் இந்தப் பேச்சு எழுந்தபோது, தன் தாய் தந்தை எதையும் கணக்குப் பார்க்கவில்லை, கடவுளை நம்பினார்கள் என்று எழுந்து சொன்னார். பதினோராவது பிள்ளையின் வாயிலிருந்து வரும்போது அந்த வாதத்துக்குத் தனி எடை உண்டு. அந்த வீட்டில் கணக்குப் பார்த்திருந்தால் அவர் இல்லை.

துணைத் தலைவர்கள் இருவர்: மியூனிக் கர்தினால் ஜூலியஸ் டோப்ஃப்னர், வெஸ்ட்மின்ஸ்டர் கர்தினால் ஜான் ஹீனன்.

பெல்ஜியம் கர்தினால் லியோ சூனென்ஸும் இருந்தார். அதே 1964 சங்கத்தில், இன்னொரு கலிலியோ வழக்கு வேண்டாம், சபைக்கு ஒன்றே போதும் என்று எச்சரித்து அவையை அதிரவைத்தவர் அவர். இத்தனைக்கும் ஆறாம் பவுல் அதற்கு முன்பே இந்தப் பொருளைச் சங்கத்தின் கையிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

இந்தியாவிலிருந்து ஒருவர், பம்பாய் கர்தினால் வலேரியன் கிரேசியஸ். இந்தியாவின் முதல் கர்தினால். 1964 டிசம்பரில் பம்பாய் வந்த ஆறாம் பவுலை வரவேற்று உபசரித்தவர். நெரிசல் மிகுந்த அந்த ஊர்த் தெருக்களைப் போப் தன் கண்ணால் பார்த்திருந்தார்.

பதினாறு நாற்காலிகளில் ஒன்று காலியாகவே கிடந்தது. போலந்தில் கிராகோவ் நகரப் பேராயர் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. பெயர் கரோல் வொய்த்தீவா. 1978இல் இரண்டாம் யோவான் பவுல் என்று உலகம் அறிந்துகொண்ட அதே ஆள்.

ஆகப் பதினைந்து பேர்.

முதல் கேள்வி: கருத்தடை தன்னளவிலேயே தீயதா?

ஆம் என்றவர்கள் 3. முடிவு சொல்லாதவர்கள் 3. இல்லை என்றவர்கள் 9.

அடுத்த கேள்வி: பெரும்பான்மை அறிக்கை சொல்லும் மாற்றம் சபை மரபின் தொடர்ச்சியில் அடங்குமா? ஆம் 9, இல்லை 5, முடிவு சொல்லாதவர் 1.

மூன்றாவது: சபை இதைப் பற்றி விரைவில் வாய் திறக்க வேண்டுமா? ஆம் 14, இல்லை 1. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கிட்டத்தட்ட எல்லோரும் ஒன்றுபட்டார்கள். இழுத்தடிக்காதீர்கள், சனங்கள் காத்திருக்கிறார்கள்.

குரோலி தம்பதி சிகாகோவுக்கு விமானம் ஏறினார்கள். மாறப்போகிறது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமில்லை. இறையியலாளரில் ஐந்தில் நான்கு பங்கு, ஆயர்களில் பெரும்பான்மை, மருத்துவர்கள், தம்பதியர் எல்லாரும் ஒரே பக்கம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

* * *

1966 ஜூன் 28. டோப்ஃப்னரும் த ரீட்மாட்டனும் குழுவின் அறிக்கையை ஆறாம் பவுலிடம் ஒப்படைத்தார்கள்.

வழக்கமாகக் குழுவின் தலைவர்தான் அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தலைவர் ஒட்டாவியானி அன்று அங்கே இல்லை.

ஃபோர்டும் அவருடைய தோழர்களும் எழுதிய, பின்னாளில் 'சிறுபான்மை அறிக்கை' என்று உலகம் பெயர் சூட்டிய காகிதங்கள், ஒட்டாவியானியின் வழியே போப்பிடம் போய்ச் சேர்ந்தன.

நான்கு மாதம் கழித்து, அக்டோபர் 29ஆம் தேதி, இத்தாலிய மகப்பேறு மருத்துவர்கள் மாநாட்டில் ஆறாம் பவுல் பேசினார். குழுவின் முடிவுகளை இறுதியானவையாகக் கொள்ள முடியாது, இன்னும் ஆராய வேண்டும் என்றார். அதுவரை பழைய சட்டமே செல்லும், சபை சந்தேக நிலையில் இல்லை என்றும் சொன்னார். சந்தேகம் இல்லையென்றால் எழுபத்திரண்டு பேரை மூன்றாண்டு எதற்குக் கூட்டினார்கள் என்று கேட்டவர்கள் உண்டு.

ஒன்பதுக்கு மூன்று என்று ஜூனில் எண்ணி முடித்த கணக்குக்கு போப்பின் பதில் வந்தது 1968 ஜூலை 25ஆம் தேதியிட்ட சுற்றுமடலில். இடையில் 25 மாதம். அந்தக் கோப்பு அத்தனை நாளும் போப்பின் மேசையில் இருந்தது. அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் யார்? ரோமுக்கு வராத கிராகோவ் பேராயர் எழுதி அனுப்பியது என்ன?

(தொடரும்)